நட்பு தந்த துப்பாக்கிகள்

புலி வேட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் ஜிம் கார்பெட். அவருக்குப் பேர் வாங்கித் தந்த துப்பாக்கிகளில் முக்கியமானவை அவர் கடையில் வாங்கியவை அல்ல. பிறர் அன்போடு கொடுத்தவை.

கார்பெட், 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்து விட்டார்.

கம்பி சுற்றிய துப்பாக்கி

உறவினர் ஒருவர் குமாயூன் மலைப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக் கொண்டிருந்தார். அதற்குப் பறவைகளைச் சேகரித்துத் தரும்படி ஜிம்மிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார். மருந்து இடிக்கும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. பித்தளைக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு குழல்தான் சுடும். ஆகவே ஒரே வேட்டில் குறி தப்பாமல் சுடப் பழகினார் ஜிம்.

பத்து வயதில் நைனிடால் தொண்டர் படையில் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். அங்கிருந்த சார்ஜண்ட் மேஜர், படையின் மார்ட்டினி ரைபிள் ஒன்றை அவருக்கு இரவலாகக் கொடுத்தார். தோட்டா எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் ரைபிளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. தமது முதல் சிறுத்தையை அந்த ரைபிளால்தான் ஜிம் சுட்டார்.

தாசில்தாரின் துப்பாக்கி

வளர்ந்ததும் ரெயில்வேயில் வேலைக்குப் போனார். கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்டராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கூலியாட்களோடு சேர்ந்து தாமும் மூட்டை சுமந்தார்.

1907-ம் ஆண்டு. சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதைச் சுடக் கார்பெட் போனார். அவர் கொண்டு போயிருந்த தோட்டாக்கள் தீர்ந்து விட்டன. காயம்பட்ட புலி இன்னும் சாகவில்லை. உடனே ஓடிப் போய், உடன் வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து கடைசி வேட்டைச் சுட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஐக்கிய மாகாண லெப்டினண்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் நைனிடாலில் தர்பார் நடத்தினார். தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், கார்பெட்டுக்குத் துணையாகக் காட்டுக்குள் சென்ற கிராமவாசிக்கு ஒரு வேட்டைக் கத்தியும் பரிசளித்தார். இரண்டும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக விளங்கும் என்று கார்பெட் தமது புத்தகத்தில் மகிழ்ச்சியோடு குறித்திருக்கிறார்.

கார்பெட்டுக்கும் ஹியூவெட் ஒரு பரிசு கொடுத்தார். அது லண்டன் ரிக்பி கம்பெனி செய்த 275 ரைபிள். புலியைக் கொன்ற விவரம் அதில் ஒரு வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926-ல் வீழ்த்தியது இதே ரைபிள்தான்.

வாங்கியவர் வழங்கினார்

நாளடைவில் கார்பெட் காமிராவைக் கையில் எடுத்தார். புலிகளைக் காக்க வேண்டும் என்று பேசினார், எழுதினார். 1936-ல் தொடங்கிய தேசியப் பூங்கா, அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரைப் பெற்றது.

1947-ல் கார்பெட் இந்தியாவை விட்டு கென்யா நாட்டுக்குப் புறப்பட்டார். சோட்டி ஹல்த்வானி கிராமத்தில் தமது நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுக் கொடுத்தார். அங்கே தமது நண்பராக இருந்த ஒருவரிடம் ஒரு துப்பாக்கியையும் கொடுத்துச் சென்றார். அந்தக் குடும்பம் அதை விற்கவில்லை. பொக்கிஷம் போல் பாதுகாத்தது.

1955 ஏப்ரல் 19-ந்தேதி கார்பெட் காலமானார். ரிக்பி ரைபிள், அவரது புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 2015-ல் அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கிக் கொண்டது.

சிறுவனை நம்பிக் கொடுத்தார்கள். அவர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார். போகும்போது, தாமும் ஒருவரை நம்பிக் கொடுத்து விட்டுப் போனார்.