இயந்திர வித்தகர் ஜி. டி. நாயுடு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் ஓசையைக் கேளாதார் அரியர். அது முரண்டு செய்யின் உழவர் அதனைத் தேனிப் பட்டறைக்குக் கொண்டேகுவர். ஆங்குள்ள தொழிலாளி கார்புரேட்டரின் திருகைச் சிறிதே திருப்பிச் செவியாலேயே நோயறிந்து தீர்ப்பான். இத்தகைய கையறிவே மெய்யறிவு என நிறுவிய பெருமகனார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தனர். அவரே ஜி. டி. நாயுடு.

கோபாலசாமி நாயுடுவின் மைந்தராகிய துரைசாமி, 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் கோயமுத்தூரையடுத்த கலங்கல் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் பற்றவில்லை. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் ஊர்ந்துவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். அன்றுமுதல் அவருக்கு வேறு நினைவில்லை. கோயமுத்தூர் சென்று உணவுவிடுதியிற் பரிமாறும் ஏவற்றொழில் பூண்டு, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ரட்ஜ் வண்டியொன்றை விலைக்குக் கொண்டார். கொண்டவர் அதனை ஊர்ந்து மகிழ்வதோடு அமையாது, உறுப்புறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். அரிதின் ஈட்டிய பொருள் முழுதும் தரைமேற் சிதறிக் கிடந்த அவ்வேளையே அவர்தங் கல்லூரி எனலாம்.

ரட்ஜ் நான்கு வீச்சு எஞ்சின். தோட்டத்து எஞ்சினோ இருவீச்சினது. எனினும் கார்புரேட்டரின் நெறி இரண்டிற்கும் ஒன்றே. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோல் மிகின் கரும்புகை எழும், ப்ளக் கரியேறும். குறையின் எஞ்சின் கொதிக்கும். இருவீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்தே ஊட்டப்படுதலின், பெட்ரோல் குறையுங்கால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடவுங் கூடும். கூடலூரினின்று குமுளி மலையேறின், காற்று மெலிதலால் கலவை தானே செறிந்துவிடும். ஆதலின் எஞ்சின் சூடேறிய பின்னரே, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓட்டம் சீராகுமிடத்தில் நிறுத்தல் வேண்டும். இதனைக் கேட்டறிதல் எளிது. கைவரப் பெறுதல் அரிது.

கைவரப் பெற்ற நாயுடு, 1920இல் பேருந்தொன்று வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டினார். அவ்வொன்று பலவாய்ப் பெருகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை ஆக்கினார். சவரக் கருவியும், பழச்சாறு பிழியும் பொறியும், வாக்குப்பதிவு இயந்திரமும் அவர்தம் பட்டறையிற் பிறந்தன. 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் தாங்கிய தொழிற்கல்லூரி தோன்ற உதவினார். நான்காண்டுப் பாடத்தைக் குறுகிய காலத்திற் கற்பிக்கலாம் என்னுந் தம் கருத்தை அரசு ஏலாமையின், அக்கல்லூரிப் பொறுப்பினின்று நீங்கினார். 1952இல் ஏழையரும் வாங்கத்தக்க, 2000 ரூபாய் விலையுள்ள இருவர் ஊரும் காரை அமைத்தார். உரிமம் கிடைத்திலது, அக்கார் வீதிக்கு வாராமலே ஒழிந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! நாம் ஏட்டைப் பிரித்துக் கற்கின்றோம். அவர் எஞ்சினைப் பிரித்துக் கற்றார். பிரித்ததை மீண்டும் பூட்டி ஓடச் செய்தாலன்றிக் கற்றது நிறைவுறாது என்பதே அவர் வாழ்வு நமக்கு விடுத்துச் சென்ற பாடமாம்.