சிக்ஸர் வேந்தர் கர்னல் சி. கே. நாயுடு

நமது சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் புலவர் பெருமக்களின் வரலாறும் அருளாளர்களின் வரலாறும் இடம்பெறுவதே வழக்கம். இம்முறை மட்டையேந்திய ஒருவரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணமானோர் நம் காலனிப் பிள்ளைகளே. மாலை வேளைகளில் தெருவில் பந்தடித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் வழக்காடுவதை நாம் கேட்டிருக்கிறோம். எந்த வீரர் எத்தனை ஓட்டம் எடுத்தார், அவருடைய சராசரி யாது என்பதெல்லாம் அவர்களுக்கு வாய்ப்பாடு போல் மனப்பாடம். அவ்வழக்கில் ஒருநாள் சி. கே. நாயுடுவின் பெயர் அடிபட்டது. ஏழு டெஸ்ட் ஆட்டங்கள், 350 ஓட்டங்கள், சராசரி 25, சதம் ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளை கணக்கை ஒப்பித்தான். மற்றவர்கள் அதைக் கேட்டு அவரைத் தள்ளிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றனர். கணக்கு பிழையற்றதுதான். ஆயினும் தீர்ப்பு முறையானதன்று என்று நமக்குத் தோன்றிற்று. கணக்கை முழுதும் எடுத்துவைத்து வழக்கை மீண்டும் விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டாரி கனகய்ய நாயுடு 1895ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். குடும்பம் தெலுங்குக் குடும்பம். முன்னோர் ஆந்திரக் கரையிலிருந்து குடிபெயர்ந்து நாகபுரியில் வழக்கறிஞர்களாகவும் நிலக்கிழார்களாகவும் நிலைபெற்றவர்கள். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியுமாக வளர்ந்த பிள்ளை அவர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு அத்தகைய வாழ்வை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தந்தையார் சூரியபிரகாசராவ் நாயுடு கேம்பிரிட்ஜில் பயின்றவர். அங்கு ரஞ்சித்சிங்ஜியோடு பழகியவர். ஆதலின் கிரிக்கெட் அவ்வீட்டிற்கு அந்நியமாக இருக்கவில்லை.

நாயுடு பிறந்த அதே 1895ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மற்றொரு குழந்தை பிறந்தது. பின்னாளில் பேப் ரூத் என்று உலகறிந்த பேஸ்பால் வீரர் அவர். அமெரிக்கரின் பேஸ்பாலும் நமது கிரிக்கெட்டும் பங்காளிகள் என்னலாம். அங்கே பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது ஹோம் ரன். இங்கே எல்லைக்கு அப்பால் நிலந்தொடாது அடிப்பது சிக்ஸர். ரூத் 1914இல் பாஸ்டன் அணியில் பந்து வீசுபவராகச் சேர்ந்தார். 1919இல் 29 ஹோம் ரன்கள் அடித்து முப்பத்தைந்து ஆண்டுப் பழைமையான சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் அணிக்கு மாறி 54 அடித்தார். 1921இல் 59, 1927இல் 60. அதுகாறும் ஓரடி ஈரடியாக ஓட்டம் சேர்த்துவந்த ஆட்டம் அவராலேயே வேலி தாண்டும் ஆட்டமாக மாறியது என்பர். இவரை இங்கு அழைத்துவந்ததற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

நாயுடுவின் முதல்தர ஆட்டம் 1916ஆம் ஆண்டு பம்பாயில் நான்கு சமூக அணிகள் மோதிய குவாட்ராங்குலர் போட்டியில் நிகழ்ந்தது. ஐரோப்பியர் அணியை எதிர்த்து இந்துக்கள் அணிக்காக அவர் ஆடினார். இருபத்தோராம் வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. அணி 79 ஓட்டங்களுக்கு ஏழு பேரை இழந்து தத்தளித்த வேளையில் ஒன்பதாம் ஆட்டக்காரராக உள்ளே சென்றார். மூன்று பந்துகளை அடக்கமாகத் தடுத்தார். நான்காம் பந்தைச் சிக்ஸராக அனுப்பினார். முதல்தர ஆட்டத்தில் அவர் எடுத்த முதல் ஓட்டமே ஆறு ஓட்டமாயிற்று.

இதன் அருமையை இன்றைய பிள்ளைகள் உணர்தல் அரிது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு மாலையில் முப்பது சிக்ஸர்கள் பறப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். 1916இல் பந்தை மேலே தூக்கி அடிப்பது பண்பற்ற ஆட்டமாக எண்ணப்பட்டது. தரையோடு தரையாகப் பந்தைச் செலுத்துவதே முறை. உயரே அடித்து ஆட்டமிழந்தவனைப் பயிற்சியாளர் கடிந்துகொள்வார். இங்கிலாந்திலோ 1910 வரை பந்து மைதானத்தை விட்டே வெளியேறினால்தான் ஆறு ஓட்டம் தந்தார்கள். மட்டைகள் இன்றுள்ளவை போல் தடித்தவையும் அல்ல. அன்றியும் நம் நாட்டில் பெரும்பாலும் தரையில் பாய் விரித்து அதன்மேல் பந்து வீசினர். பந்து எகிறியும் திரும்பியும் வரும். தலைக்குக் கவசம் என்பது கனவிலும் இல்லை.

சென்னைக்கும் அவர் வந்தார். பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடைபெற்ற மாகாணப் போட்டி அக்காலத்தில் பெரும் திருவிழா. புச்சிபாபு நாயுடுவின் முயற்சியால் அமைந்து, அவர் 1908இல் மறைந்த பின்னும் ஆண்டுதோறும் தொடர்ந்த போட்டி அது. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாகையால் அது நம் ஊராருக்கும் உரிய போட்டியே. 1920ஆம் ஆண்டு வாக்கில் அங்கு நாயுடு அடித்த ஒரு பந்து மைதானத்தைக் கடந்து, அதற்கும் ஐம்பது கஜம் அப்பாலிருந்த ஒரு தென்னை மரத்தருகே விழுந்ததாகக் கூறுவர். ரூத் 54 ஹோம் ரன் அடித்துப் பழைய கணக்குகளை எல்லாம் பொய்யாக்கிய காலமும் அதுவே. இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் பூமியின் இரு பக்கங்களில், ஒரே ஆண்டில் பிறந்த இருவர், ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தனர்.

1923இல் இந்தூர் மன்னர் துக்கோஜிராவ் ஹோல்கர் நாயுடுவைத் தம் சமஸ்தானத்திற்கு அழைத்துப் படையில் காப்டன் பதவி தந்தார். கர்னல் என்னும் பட்டம் பின்னர் வந்தது. அன்று முதல் இந்தூரே அவருக்கு ஊராயிற்று.

இனி 1926ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளுக்கு வருவோம். ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இந்தியா வந்திருந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியோடு ஆட்டம். வந்தவர்கள் 363 ஓட்டங்கள் குவித்தனர். அவர்களுள் கை ஏர்ல் என்பவர் எட்டு சிக்ஸர்களோடு 130 ஓட்டங்கள் விளாசியிருந்தார். மறுநாள் நாயுடு உள்ளே வந்தார். இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதில் 153 ஓட்டங்கள். அவற்றுள் பதினொரு சிக்ஸர்கள். சிக்ஸர்களில் மட்டும் வந்தவை 66 ஓட்டங்கள். ஒரு பந்து ஜிம்கானா மாளிகையின் கூரைமேல் போய் விழுந்தது.

அக்கூரையைப் பற்றி ஒரு சொல். ஜிம்கானா அக்காலத்தில் ஐரோப்பியருக்கே உரிய கழகம். அங்கே இந்தியர் உறுப்பினராக அமர இயலாது. தாம் உறுப்பினராக உட்கார முடியாத மாளிகையின் உச்சிக்கு நாயுடு பந்தை அனுப்பினார். அவர் அதை எண்ணி அடித்தாரா என்பது நமக்கு வேண்டுவதன்று. மைதானத்தைச் சூழ்ந்து நின்ற மக்கள் அதை வேறு பொருளில் பார்த்திருக்க முடியாது என்பதே நம் கருத்து. எம்.சி.சி. அணியினர் பெருந்தன்மையோடு அவருக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசளித்தனர். இந்தியர் டெஸ்ட் ஆடத் தகுதியுடையவர் என்று கில்லிகன் உறுதி கொண்டார். அவர் தந்த ஊக்கத்தால் 1928இல் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. ஒரே இன்னிங்ஸ் இத்தனையும் செய்ததென்று நாம் கூறமாட்டோம். ஆனால் அந்த 153 இல்லாமல் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

இப்போது வாய்ப்பாடு அறிந்த பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கேட்கிறோம். பேப் ரூத் 1920ஆம் ஆண்டில் மட்டும் ஆடிய ஆட்டங்கள் 142. நாயுடு தம் வாழ்நாளில் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 207. அவையும் 1916 முதல் 1963 வரை பரவியவை. சராசரியாக ஆண்டுக்கு நான்கைந்து! இளமையின் வலிமை முழுதும் இருந்த முதல் பத்தாண்டுகளில், பம்பாய்ப் போட்டியும் சென்னைப் போட்டியும் போனால் இந்தியனுக்கு முதல்தர ஆட்டமே அரிது. முப்பது வயதுவரை அவருக்கு எண்களைச் சேர்க்க இடமே அளிக்கப்படவில்லை. இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடும் உரிமை கிடைத்தபோது அவருக்கு வயது 36. அவ்வயதில் பலர் மட்டையைப் பரண்மேல் வைத்துவிடுவர்.

1932 சுற்றுப்பயணத்தில் போர்பந்தர் மன்னர் அணித்தலைவர். லிம்ப்டி இளவரசர் துணைத்தலைவர். போர்பந்தர் தம் ஆட்டத்திறனை நன்குணர்ந்து ஒதுங்கினார். அத்தகைய நேர்மை மன்னர்களிடையே அரிது என்பதால் அவரையும் போற்றவேண்டும். லிம்ப்டி காயமுற்றிருந்தார். ஆகவே ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியை நாயுடு நடத்திச் சென்றார். முதற்பொழுதிலேயே இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு மூவரை இழந்தது. பந்தைத் தடுக்கையில் கையில் அடிபட்டும் நாயுடு முதல் இன்னிங்ஸில் 40 ஓட்டங்கள் எடுத்தார்; இந்திய அணியில் அதுவே மிகுதி. இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது.

அந்த ஒரு கோடையில்தான் முதன்முறையாக அவருக்கு எண்களைக் குவிக்கும் வாய்ப்புக் கிட்டிற்று. 26 முதல்தர ஆட்டங்களிலும் ஒன்றுவிடாமல் ஆடினார். 1,618 ஓட்டங்கள், சராசரி 40.45; பந்து வீசியும் 65 விக்கெட்டுகள். வாழ்நாள் ஆட்டங்களில் எட்டிலொரு பங்கு அந்த ஐந்து திங்களில் முடிந்தது. பர்மிங்காமில் அவர் அடித்த ஒரு பந்து மைதானத்தையும் தாண்டி ரே என்னும் சிற்றாற்றையும் கடந்தது. அன்று அவ்வாறு இரு கவுண்டிகளின் எல்லையாக இருந்ததால், வார்விக்ஷயரில் அடித்த பந்து வூஸ்டர்ஷயரில் விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்தியாவுக்காக ஆடி, விஸ்டன் நூலின் சிறந்த ஐந்து வீரர்களுள் ஒருவராகத் தெரிவுபெற்ற முதல் இந்தியர் அவரே. அது 1933ஆம் ஆண்டுப் பதிப்பு.

1933-34இல் ஜார்டின் அணி வந்தபோது மூன்று டெஸ்டுகளிலும் அவரே தலைவர். பிப்ரவரி 1934இல் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் நம் மக்கள் அவரைத் தலைவராகக் கண்டனர். 1936இல் தலைமை விஜயநகரம் மகாராஜகுமாரரிடம் சென்றது. அதன் உட்கதைகளை இங்கு விரித்தல் வேண்டா. அப்பயணத்தின் இறுதி டெஸ்டில், ஆலன் வீசிய பந்து உடலில் தாக்கியும் நின்று 81 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்வில் மிகுதியான எண்ணிக்கையும் அதுவே, கடைசி இன்னிங்ஸும் அதுவே.

நாற்பது வயதில் டெஸ்ட் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. ஹோல்கர் அணி அவர் தலைமையில் நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1945-46 இறுதியாட்டத்தில், ஐம்பது வயதில், பரோடாவை எதிர்த்து 200 ஓட்டங்கள் எடுத்தார். வாழ்நாளின் மிகுதியான எண்ணிக்கை ஐம்பது வயதில் வந்ததை எண்ணிப் பாருங்கள். இடையில் 1941இல் பாத்கேட் கல்லீரல் மருந்துக்கு விளம்பர உருவாகவும் நின்றார். இந்தியக் கிரிக்கெட் வீரர்களுள் அவ்வழியில் முன்னோடியும் அவரே. இன்று தொலைக்காட்சியில் குளிர்பானம் விற்கும் வீரர்கள் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்! 1951-52இல் பம்பாய்க்கு எதிராக ஆடும்போது பட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பற்கள் உடைந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது 56.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் சென்னையைவிட்டு அதனோடு சேர்ந்தது. நம் குடும்பங்களுள் பல ஒரே இரவில், இருந்த இடத்தில் இருந்தபடியே, வேறு மாநிலத்தவர் ஆயின. அவ்வாண்டிலேயே ஆந்திர அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியது. அதற்குத் தலைமை தாங்க வந்தவர் 58 வயது நாயுடு. பாட்டனார் காலத்தில் கிழக்கிலிருந்து நாகபுரி சென்ற குடும்பத்தின் பேரன், வாழ்வின் பிற்பகுதியில் ஒரு பருவம் முன்னோர் நாட்டுக்காக ஆடித் திரும்பினார். நாகபுரியார் தம்மவர் என்றனர். இந்தூரார் தம்மவர் என்றனர். தெலுங்கர் தம்மவர் என்றனர். மூவரும் மெய்யே சொன்னார்கள்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1956-57இல் உத்தரப் பிரதேசத்திற்காக ஆடி, 61 வயதில் ராஜஸ்தானுக்கு எதிராக 84 ஓட்டங்கள் எடுத்தார். வினு மன்கட்டின் பந்துகளையும் சிக்ஸருக்கு அனுப்பினார். 1963-64இல் ஓர் அறக்கொடை ஆட்டத்தோடு மட்டையைக் கீழே வைத்தார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 11,825 ஓட்டங்கள், 26 சதங்கள், 411 விக்கெட்டுகள்.

1967 நவம்பர் 14ஆம் நாள் இந்தூரில் காலமானார். அவர் பெயரால் அமைந்த கர்னல் சி. கே. நாயுடு கோப்பைக்காக மாநிலங்களின் இளைஞர் அணிகள் ஆடுகின்றன. சித்தூர், திருப்பதிப் பிள்ளைகள் தேர்வு பெற்றால் ஆந்திரத்தின் சார்பில் அதில் ஆடலாம். எதிரே தமிழ்நாட்டு அணியும் வரலாம்.