காது வைத்தியர் கண்ணைப் பார்த்தார்

சிறுவயதில் கைகளை விரித்துக் கிறுகிறுவென்று சுற்றி விளையாடாதவர் நம்மில் எவர்? நின்ற பிறகும் உலகம் சுற்றும், கால் தள்ளாடும். அந்நேரம் நம் கண்களும், நம்மைக் கேளாமலே, ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து வெடுக்கென்று திரும்பும். இந்தக் கண்ணாட்டத்தைக் கொண்டு காதின் உள்நிலையை அறியலாம் என்று காட்டியவர் டாக்டர் ராபர்ட் பாரானி.

காட்கோபரில் எங்கள் அண்டை வீட்டுப் பாட்டி ஆறு மாதம் தலைசுற்றலால் சுவரைப் பிடித்தே நடந்தார். பித்தம் என்று சொல்லி இஞ்சிச்சாறு கொடுத்தோம். கடைசியில் ஒரு வைத்தியர் அவர் காதில் நீர் பாய்ச்சிக் கண்களை உற்றுப் பார்த்தார். காதுக்கும் கண்ணுக்கும் என்ன உறவு என்று தேடியபோதுதான் பாரானியை நான் அறிந்தேன்.

1876 ஏப்ரல் 22இல் வியன்னாவில் பிறந்தவர் அவர். எலும்பைத் தாக்கிய காசநோயால் இளமையிலேயே முழங்கால் விறைத்துப் போயிற்று. ஆயினும் மலையேற்றத்தையும் டென்னிஸையும் அவர் விடவில்லை. 1900இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னாவின் காது மருத்துவமனையில் சேர்ந்தார்.

காதை நீர் பீச்சிக் கழுவுவது அங்கே அன்றாட வேலை. அப்போது சிலருக்குத் தலை சுற்றியது. பாரானி அவர்கள் கண்களைக் கவனித்தார். நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு திசையில் துடித்தன. சூடாக இருந்தால் எதிர்த்திசையில். உடலின் சூட்டிலேயே இருந்தால் துடிப்பே இல்லை! உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களிலும் நீர்மம் உண்டு. சூடான நீர்மம் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை மூளை தலையின் அசைவென்று எண்ணிக் கண்ணைத் திருப்புகிறது என்று அவர் விளக்கினார். 1906இல் இதை வெளியிட்டார்.

மாட்டுங்கா போகும் ரயிலில் தலை குலுங்கினாலும் எதிரிலுள்ள விளம்பரத்தை நாம் படிக்கிறோம் அல்லவா? தலை இடப்பக்கம் திரும்பினால் காதின் கட்டளையால் கண் வலப்பக்கம் திரும்புவதே காரணம். காது, கண், தசையும் மூட்டும் ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால்தான் மனிதன் நேராக நிற்பான். ஐயமிருந்தால் விடுதி அறையில் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். ரயிலில் வேண்டாம்!

1914இல் போர் மூண்டது. ராணுவ மருத்துவராகச் சென்ற பாரானி 1915இல் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கு என்ற செய்தி கைதியாக இருக்கையிலேயே அவரை எட்டியது. சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலை பெற்றார்.

தாயகத்தில் மாலையா காத்திருந்தது? பிறர் ஆராய்ச்சியைத் தக்கபடி குறிப்பிடவில்லை என்று சக வைத்தியர்களே பழி சுமத்தினர். மனம் நொந்த அவர் 1917இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கேயே உழைத்து, 1936 ஏப்ரல் 8இல் மறைந்தார்.

1983இல் விண்வெளிக் கலமொன்றில் இச்சோதனையைச் செய்தார்கள். எடையற்ற அவ்விடத்தில் சூடான நீர்மம் எழவும் குளிர்ந்தது இறங்கவும் வழியில்லை. ஆயினும் கண்கள் துடித்தன! எனவே பாரானியின் விளக்கம் மட்டும் போதாது என்று தெரிந்தது. ஆனால் அவர் கண்டது பொய்க்கவில்லை. காது மருத்துவமனைகளில் அச்சோதனை இன்றும் நடக்கிறது. விளக்கங்கள் மாறலாம், கூர்ந்து கண்ட உண்மை நிலைக்கும். ஆய்வுக்கூடத்தில் நுழையும் நம் மாணவர்கள் இதை நெஞ்சில் பதிப்பார்களாக!