ஒன்றரை ஆண்டில் 'ரங்கபூமி', நான்கு ஆண்டுகளில் 'கோதான்'

புதுதில்லி: ஒரு நாவலை எழுதி முடிக்க எவ்வளவு காலம் தேவை? ஹிந்தி நாவல் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் பிரேம்சந்தின் வாழ்க்கை இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தருகிறது. 'ரங்கபூமி'யை அவர் ஒன்றரை ஆண்டில் எழுதினார். அதைவிட அளவில் சிறியதான 'கோதான்' நாவலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்த இடைவெளிக்கான காரணத்தை அவர் வாழ்ந்த காலத்தின் அரசியலிலும், அவரைத் துரத்திய கடனிலும் காணலாம்.

எரிக்கப்பட்ட முதல் தொகுப்பு: காசிக்கு அருகே உள்ள லமஹி கிராமத்தில் 1880 ஜூலை 31-ல் பிறந்தவர் பிரேம்சந்த். இயற்பெயர் தன்பத் ராய். தந்தை அஞ்சல் துறையில் எழுத்தர். சிறுவயதில் தாயையும், படிப்பை முடிக்கும் முன்னரே தந்தையையும் இழந்த அவர், குடும்பப் பொறுப்பைச் சுமந்தவாறு 1899-ல் சுனாரில் மாதம் 18 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு அரசுப் பள்ளிப் பணி கிடைத்தது.

நவாப் ராய் என்ற புனைபெயரில் உருதுவில் அவர் எழுதிய 'சோஸ்-ஏ-வதன்' என்ற சிறுகதைத் தொகுப்பு 1908-ல் வெளிவந்தது. அதில் தேசத்துரோகம் இருப்பதாகக் கருதிய ஆங்கிலேய அதிகாரிகள் அவரை அழைத்து விசாரித்தனர். பிரதிகள் எரிக்கப்பட்டன. அனுமதி பெறாமல் எதையும் வெளியிடக் கூடாது என்றும் உத்தரவு பிறந்தது. அதன் பிறகே அவர் பிரேம்சந்த் ஆனார்.

வேலையைத் துறந்தார்: 1921 பிப்ரவரியில் கோரக்பூருக்கு வந்த காந்தியடிகளின் உரையைக் கேட்ட சில நாள்களிலேயே, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவந்த அரசுப் பணியிலிருந்து பிரேம்சந்த் விலகினார். நிலையான வருமானம் நின்றுபோனது. ஆனால், எழுத்து தடையின்றி நடந்தது. 1922 அக்டோபரில் உருதுவில் தொடங்கிய 'ரங்கபூமி'யை 1924 ஏப்ரலில் முடித்தார். பின்னர் தாமே ஹிந்தியில் எழுதி, 1925-ல் நூலாகக் கொண்டுவந்தார். ஆலைக்காகத் தனது நிலத்தைத் தர மறுக்கும் பார்வையற்ற யாசகர் சூர்தாசின் கதை அது. இந்நாளிலும் அதன் பொருள் பழையதாகிவிடவில்லை.

அச்சகம் தந்த சுமை: 1923-ல் காசியில் அவர் நிறுவிய சரஸ்வதி அச்சகம் லாபம் ஈட்டவில்லை. 1930-ல் 'ஹன்ஸ்' மாத இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அன்னியத் துணி எதிர்ப்பு மறியலில் ஈடுபட்ட மனைவி சிவராணி தேவி சிறை சென்றார். 1932-ல் 'ஜாகரண்' வார இதழையும் பிரேம்சந்த் ஏற்றுக்கொண்டார். ஜாமீன் தொகை கேட்டு அரசு நெருக்கியது. இரண்டு இதழ்களும் நஷ்டத்தில் ஓடின. 'கோதான்' தொடங்கப்பட்டதும் அதே 1932-ல்தான். தலையங்கமும் மெய்ப்புத் திருத்தமும் கடன் கடிதங்களும் போக எஞ்சிய நேரமே நாவலுக்குக் கிடைத்தது.

கடனை அடைக்க 1934-ல் பம்பாய் சென்று, ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஒப்பந்தத்தில் திரைப்படங்களுக்குக் கதை எழுதினார். ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய 'மஜ்தூர்' படம் தணிக்கையில் சிக்கியது. திரையுலகம் பிடிக்காமல், ஓராண்டு நிறைவடையும் முன்பே 1935-ல் காசிக்குத் திரும்பினார். இதற்கிடையே 1934 டிசம்பரில் சென்னைக்கு வந்து, தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபா பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். அவரது 'சேவாசதன்' நாவல், கே.சுப்ரமணியம் இயக்கத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடிக்க 1938-ல் தமிழில் 'சேவாசதன'மாக வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை.

கடைசி ஆண்டு: 1936 ஏப்ரலில் லக்னௌவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ஜூனில் 'கோதான்' வெளியானது. ஒரு பசுவை வளர்க்க ஆசைப்பட்டு, வட்டியிலும் குத்தகையிலும் சிக்கிக் கூலியாகி மடியும் விவசாயி ஹோரியின் கதை அது. கடன் கடிதங்களுக்கு நடுவே எழுதப்பட்ட நாவல், கடனில் கரையும் ஒரு குடியானவனின் நாவலாகவே அமைந்தது.

அதே மாதத்தில் பிரேம்சந்த் படுத்த படுக்கையானார். அச்சமயம் 'ஹன்ஸ்' இதழை நடத்திவந்த பாரதிய சாகித்ய பரிஷத், அரசு ஜாமீன் கேட்டதும் இதழை நிறுத்த முடிவு செய்தது. நோயுற்றிருந்த பிரேம்சந்த் அத்தொகையைத் தாமே கட்டி இதழை மீட்டார்.

'மங்கள்சூத்ர' என்ற அடுத்த நாவலையும் அவர் தொடங்கியிருந்தார். எழுத்தையே நம்பி வாழ்ந்து, செல்வம் சேர்க்காததால் மகனின் குறை கூறலுக்கு ஆளாகும் ஓர் எழுத்தாளரே அதன் நாயகர். 1936 அக்டோபர் 8-ல், 56-வது வயதில் பிரேம்சந்த் காலமானபோது நான்கு அத்தியாயங்களே எழுதப்பட்டிருந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948-ல், அந்த நான்கு அத்தியாயங்களும் அவ்வாறே அச்சேறின.