தொப்பியைக் கழற்றாத மனிதர்

தொப்பியைக் கழற்ற மறுத்ததற்காக ஒருவர் சிறைக்குப் போனார். பெரிய மனிதர்களை 'நீ' என்று அழைத்ததற்காக வசை கேட்டார். சத்தியம் செய்ய மறுத்ததற்காக மறுபடியும் சிறைக்குப் போனார்.

இத்தனைக்கும் அவர் திருடர் அல்ல. யாரையும் கை நீட்டி அடித்தவரும் அல்ல.

அவர் பெயர் ஜார்ஜ் பாக்ஸ். இங்கிலாந்து நாட்டில் 'குவேக்கர்' என்னும் கூட்டத்தைத் தோற்றுவித்தவர். நாடு முழுவதும் ஒரு வழியில் நடந்தபோது, இவர்கள் தனி வழியில் நடந்தார்கள்.

நெசவாளியின் மகன்

1624-ம் ஆண்டில், லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பாக்ஸ் பிறந்தார். தந்தை நெசவாளி. பையனைச் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். முதலாளியின் ஆடுகளையும் அவரே பார்த்துக்கொண்டார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. பைபிளை மட்டும் ஊன்றிப் படித்தார்.

19 வயதில் அவர் ஒரு சந்தைக்குப் போனார். பக்திமான்கள் என்று பெயர் வாங்கிய இருவர் அவரைக் குடிக்க அழைத்தார்கள். ஒரு குவளை தீர்ந்தது. இனி யார் முதலில் நிறுத்துகிறாரோ, அவரே எல்லோருக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பந்தயம் கட்டினார்கள்.

பாக்ஸ் தம் பங்குக் காசை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. வாயில் பக்தி, நடத்தையில் வேறா என்ற கேள்வி மனத்தைக் குடைந்தது. 1643-ல் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

ஊர் ஊராக அலைந்தார். பாதிரியார்களிடம் தம் மனக்குறையைச் சொன்னார். ஒருவர் புகையிலை பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் தோட்டத்தில் பேசிக்கொண்டு நடந்தபோது, பாக்ஸின் கால் பூப்பாத்தியில் பட்டுவிட்டது. வீடு தீப்பற்றிக்கொண்டதுபோல் அந்தப் பாதிரியார் குதித்தார்!

1647-ம் ஆண்டில் பாக்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதர் உள்ளத்திலும் இருக்கிறது. அதைக் காட்டப் பாதிரியார் தேவை இல்லை என்பதே அந்த முடிவு.

எல்லோரும் 'நீ'

அவர் கூட்டத்தின் பழக்கங்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தன.

எல்லோர் உள்ளத்திலும் ஒரே ஒளி என்றால், ஒருவருக்காக மற்றவர் ஏன் தொப்பியைக் கழற்ற வேண்டும்? ஆகவே, அவர்கள் கடவுளைத் தொழும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில், தமிழில் இருப்பதுபோலவே, 'நீ' என்ற சொல்லும் உண்டு. 'நீங்கள்' என்ற சொல்லும் உண்டு. வேலைக்காரனுக்கு 'நீ'. எஜமானுக்கு 'நீங்கள்'. குவேக்கர்களோ எல்லோரையும் 'நீ' என்றார்கள். நீதிபதியும் 'நீ'தான். ராஜாவும் 'நீ'தான்! பெற்றோரையே பிள்ளைகள் அப்படி அழைத்ததால் வீடுகளில் சண்டை மூண்டது.

ஆங்கிலத்தில் கிழமைகளின் பெயர்கள் பழைய தெய்வங்களின் பெயர்களிலிருந்து வந்தவை. குவேக்கர்கள் அவற்றைச் சொல்லவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிச் சொன்னார்கள்.

சரிகை, நாடா இல்லாத எளிய உடை உடுத்தினார்கள். அவர்கள் வழிபாட்டில் பாட்டு இல்லை, பூசாரி இல்லை. எல்லோரும் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். உள்ளம் தூண்டினால் ஒருவர் எழுந்து பேசுவார். பெண்களும் பேசலாம். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்!

கடையில் பேரம் இல்லை. ஒரே விலை. முதலில் வாடிக்கைக்காரர்கள் ஓடிப்போனார்கள். பிறகு, குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் அலைமோதியது.

சிறைவாசம்

1650-ல் டெர்பி நகரில் பாக்ஸைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தினார்கள். கடவுளுக்கு முன் நடுங்குங்கள் என்று அவர் நீதிபதிக்கே உபதேசம் செய்தார். நீதிபதி கேலியாக, இவர்கள் நடுங்குகிறவர்கள் என்றார். ஆங்கிலத்தில் அதுவே 'குவேக்கர்'. அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

அங்கே சிறையில் இருந்தவரிடம், படைத் தலைவர் பதவி தருகிறோம், வருகிறாயா என்று கேட்டார்கள். போர் செய்வதே தவறு என்று பாக்ஸ் மறுத்தார். விடுதலை கிடைக்கவில்லை. மேலும் ஆறு மாதம் சிறையே கிடைத்தது.

1656-ல் லான்ஸ்டன் நகரில் வழக்கு. தொப்பியைக் கழற்றும்படி தலைமை நீதிபதி உத்தரவிட்டார். அதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்று பாக்ஸ் கேட்டார். மோசே காலம் முதல் யாராவது தொப்பி போட்டிருந்தார்களா என்று நீதிபதி திருப்பிக் கேட்டார். நெருப்புச் சூளையில் போடப்பட்ட மூன்று பேர் தொப்பியோடுதான் இருந்தார்கள் என்று பாக்ஸ் பதில் சொன்னார். நீதிபதியால் பேச முடியவில்லை.

பாக்ஸுக்கும் அவருடன் இருந்த இரண்டு நண்பர்களுக்கும் தலைக்கு 20 மார்க் அபராதம். கட்ட மறுத்தார்கள். பல ஆண்டுகளாகச் சுத்தம் செய்யாத நிலவறை ஒன்றில் அவர்களை அடைத்தார்கள். மலமும் நீரும் தேங்கிக் கிடந்ததால், உட்காரவும் இடம் இல்லை.

அப்போது நாட்டை ஆண்டவர் கிராம்வெல். ஒரு குவேக்கர் அவரிடம் போய், பாக்ஸை விட்டுவிட்டு அவருக்குப் பதிலாகத் தம்மை அடைக்கும்படி வேண்டினார். சட்டம் இடம் தராது என்று கிராம்வெல் மறுத்தார். பிறகு தம் சபையோரைப் பார்த்து, எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் உங்களில் யார் இதைச் செய்வீர்கள் என்று கேட்டார்.

பாக்ஸ் தம் வாழ்நாளில் எட்டு முறை சிறைப்பட்டார். சிறையில் கழிந்த காலம் சுமார் ஆறு ஆண்டுகள்.

புதுமைத் திருமணம்

மார்கரெட் பெல் என்ற அம்மையார் வசதியான வீட்டுப் பெண். கணவர் நீதிபதி. 1652-ல் பாக்ஸின் பேச்சைக் கேட்ட நாள் முதல் அவர் குவேக்கர் ஆனார். தம் வீட்டையே கூட்டத்துக்குத் திறந்துவிட்டார். தாமும் சிறை சென்றார். பெண்கள் போதிக்கலாம் என்று 1666-ல் ஒரு நூலும் வெளியிட்டார்.

கணவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1669-ல், மார்கரெட்டும் பாக்ஸும் பிரிஸ்டல் நகரில் மணந்துகொண்டார்கள். மணமகள் பத்து வயது மூத்தவர். பாதிரியார் இல்லை. நண்பர்களே சாட்சி. மனைவியின் சொத்தில் தலையிட மாட்டேன் என்று பாக்ஸ் முன்பே உறுதி கொடுத்தார். மனைவியின் சொத்து கணவனுக்கே என்று சட்டம் இருந்த காலம் அது.

அதே பிரிஸ்டல் நகரில் 1682-ல் பெரியவர்களை எல்லாம் சிறையில் தள்ளினார்கள். குழந்தைகளே கூடி வழிபாட்டை நடத்தினார்கள். அடித்தும் அவர்கள் கலையவில்லை.

கடைசியில் வென்றது யார்?

குவேக்கர்கள் கூடி வழிபட 1689-ல் சட்டம் இடம் கொடுத்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1691 ஜனவரியில் பாக்ஸ் லண்டனில் காலமானார்.

1696-ல், குவேக்கர்கள் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி கூறினால் போதும் என்று சட்டம் வந்தது.

அடிமை முறை விஷயத்தில் பாக்ஸ் அரை வழிதான் போனார். 1671-ல் பார்படோஸ் தீவில், அடிமைகளை அன்போடு நடத்துங்கள், சில ஆண்டுகள் கழித்து விடுதலை செய்யுங்கள் என்றார். அந்த முறையே கூடாது என்று சொல்லவில்லை. மீதி வழியை அவருக்குப் பின் வந்தவர்கள் நடந்தார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1787-ல் லண்டனில் அமைந்த குழுவில் 12 பேர். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. வழக்கத்தை எதிர்த்தவர்களிடமே ஒரு வழக்கம் வளர்ந்தது. எல்லோரும் ஒரே மாதிரி உடைதான் உடுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. 85 வயது தாண்டிய மார்கரெட் அம்மையார் அதைக் கண்டித்தார். யாரும் கேட்கவில்லை. வெளியே மணம் செய்துகொண்டவர்களைத் தள்ளி வைத்தார்கள். 1860 வாக்கில்தான் இந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்லோரையும் ஒரே சொல்லால் அழைக்க வேண்டும் என்று பாக்ஸ் பாடுபட்டார். இன்று ஆங்கிலேயர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆனால் அது பாக்ஸ் சொன்ன 'நீ' அல்ல. அந்தச் சொல் பேச்சிலிருந்து மறைந்துபோயிற்று. ராஜாவுக்கும் 'நீங்கள்', வேலைக்காரனுக்கும் 'நீங்கள்'!