கோல் கோடாத நீதியரசர்

செங்கோன்மை அதிகாரத்தை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுந்தோறும் என் நெஞ்சில் முந்தித் தோன்றுபவர் முடிமன்னர் ஒருவரல்லர். 1936 முதல் 1939 வரை இலங்கையின் பிரதம நீதியரசராய் விளங்கிய சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் அவர்களேயாவர்.

அவர் 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுச் சட்டத்துறை புகுந்தார். நீளம் பாய்தலில் வல்லவராய் 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் போட்டியிலும் பங்குகொண்டார். 1924இல் பரிஸ் நகரில் நூறு மீற்றர் ஓட்டத்திற் பொற்பதக்கம் வென்ற ஹரோல்ட் அவர்தம் இளவல். உகண்டாவிலும் தங்கனீக்காவிலும் பிரதம நீதியரசராய் இருந்தபின் ஈழம் வந்தார். முடியரசின் ஊதியம் பெற்று வாழ்ந்தவர் அவர் என்பதை மறத்தலாகாது.

1937 ஏப்ரலில் தேசாதிபதி ஸ்டப்ஸ், பிரேஸ்கேர்டில் என்னும் ஆங்கில இளைஞரை இரண்டே நாளில் நாட்டைவிட்டு நீங்குமாறு பணித்தார். தேயிலைத் தோட்டத் தொழில் பயில வந்த அவ்விளைஞர், மலையகத் தமிழ்த் தொழிலாளர் பக்கம் நின்று சமசமாஜக் கட்சி மேடைகளிற் பேசினார். அதுவே குற்றமாயிற்று. விசாரணையில்லை, மறுமொழி கூற வாய்ப்பில்லை. 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றே ஆதாரம். இளைஞர் மறைந்து திரிந்தார். அரசாங்க சபை 34க்கு 7 என்னும் வாக்குகளால் தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. பின்னர்ப் பொலிசார் அவரைக் கைதுசெய்தனர்.

ஆட்கொணர் மனு, ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர் முன் வந்தது. மனுதாரர்க்காக எச். வி. பெரேரா வாதாடினார். நாட்டைக் காக்க ஆள்வோர்க்கு அதிகாரம் வேண்டுமென்பதை மன்று மறுத்திலது. ஆயின் அக்கட்டளை போர்போன்ற நெருக்கடிக்கென இயற்றப்பட்டது; அமைதி நிலவுங்காலத்து ஒருவரை வெளியேற்ற அது கருவியாகாது. அதிகாரம் தன் எல்லையைக் கடந்ததா என ஆராய்தல் மன்றின் கடனுமாம். இவ்வாறு கண்டு, மே மாதத்தில் இளைஞரை விடுவித்தது. தம்மை நியமித்த அரசின் பேராளருக்கு எதிராகவே நீதியரசர் முறை செய்தார்.

அவ்விளைஞர் எவர்க்காகப் பேசினாரோ, அத்தொழிலாளருட் பல இலட்சம் பேர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். 1964இல் இரு அரசுகள் அவர்களைக் கேளாமலே தம்முட் பங்கிட்டன. எண்ணற்றோர் பிறந்த மண்ணைவிட்டுக் கப்பலேறினர். ஒருவரை அனுப்புமுன் காரணங் கேட்ட மன்று உண்டு; இலட்சம் பேரை அனுப்புமுன் கேட்டார் இலர்.

ஏபிரகாம்ஸ் 1957இல் மறைந்தார். நாடுகடத்தும் அதிகாரம் எந்நாட்டிலும் இருந்தே தீரும்; அதனருகே காரணங் கேட்கும் நடுவர் ஒருவரும் இருத்தல் வேண்டும். அவர் வாழ்க்கையினின்று யான் கற்ற பாடம் இதுவே.