வால்மீன் கண்ட மாணவர்

நம்மூர்ப் பனங்காடுகளின்மேல் இராக்காலத்தே விரியும் வானத்தைக் காண்பார் பலர். கூர்ந்து நோக்குவார் சிலரே. அச்சிலருள் ஒருவராய், மாணவப் பருவத்திலேயே புகழெய்திய வைணு பாப்பு என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவராதலின், தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே பழகிய பொருளாயிற்று. நிசாம் கல்லூரியிற் பயின்று, பின்னர் உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புக்கார்.

அங்குச் சேர்ந்து சில திங்களே கழிந்தன. 1949 ஜூலை 2-ஆம் நாள், தாம் எடுத்த வானப் படத்தகட்டைச் சோதிக்கையில், விண்மீனல்லாத ஒளிக்கீற்று ஒன்று அதிற் புலப்பட்டது. தகட்டின் பழுதென்று இவர் அதனைத் தள்ளினாரல்லர். ஆசிரியர் பார்ட் போக், நியூகர்க் ஆகிய இருவரும் உடனிருந்து ஆராய, அது புதியதோர் வால்மீனென்பது தெளிவாயிற்று. மூவர் பெயரும் அதற்கு வழங்கலாயின. அது மீண்டும் ஞாயிற்றை அணுக ஏறத்தாழ 60,000 ஆண்டு செல்லுமென்று கணிக்கப்பட்டது. பசிபிக் வானநூற் கழகம் டோனகோ வால்மீன் பதக்கம் அளித்து இவரைச் சிறப்பித்தது. வால்மீனைக் கண்டபோது இவருக்கு வயது இருபத்தொன்றே.

1952-இல் டாக்டர் பட்டம் பெற்ற இவர், அயல்நாட்டிலேயே தங்கிவிடாது தாயகம் மீண்டார். 1960-இல் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அவ்விடம் ஞாயிற்றை ஆராய்தற்கு ஏற்றதேனும், இரவில் விண்மீன்களை நோக்குதற்கு வேறிடம் வேண்டுமென்றுணர்ந்து, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்குச் சிறியதொரு தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ளது வந்தது. 1977-இல் யுரேனஸ் என்னுங் கோளைச் சூழ்ந்த வளையங்கள் வெளிப்பட்டபோது, காவலூரும் அதற்குச் சான்று பகர்ந்தது.

எனினும் இவருள்ளம் அமைதியுறவில்லை. பெருந்தொலைநோக்கி ஒன்றைப் பிறநாட்டாரிடம் வாங்காது நம்மவரே ஆக்கவேண்டுமென்று துணிந்து, 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கடையும் பணியைப் பெங்களூரில் தொடங்குவித்தார். அப்பணி முற்றுமுன், 1982 ஆகஸ்டு 19-ஆம் நாள் செருமனியின் மூனிக் நகரிற் காலமானார். மலையுச்சியினின்று வாக்குத்தத்த நாட்டைக் கண்டும் அதிற் புகப்பெறாத மோசேயை ஒத்தது இவர் முடிவு. 1986-இல் நிறைவெய்திய அத்தொலைநோக்கி இவர் பெயரையே தாங்கிற்று.

மாணவ நண்பர்களே, பதக்கம் இவருக்கு ஓரிரவின் ஊதியம். அத்தொலைநோக்கியோ, பிறர் காணும்பொருட்டுத் தாம் காணாது உழைத்த உழைப்பின் பயன். இவ்விரண்டனுள் எது பெரிதென்பதை நாம் சிந்தித்தல் நன்று.